இளஞ்செழியன் காது வைத்த வண்டிகள்

இளஞ்செழியன் அண்ணன் தோளில் கிடந்த துண்டை நாலாக மடித்து, தேவதர்ஷினியின் நீலக் காரின் பானட் மேல் போட்டு, அதன்மேல் காதை வைத்தார்.

கார்க்காரர்கள் நாங்கள் மூன்று பேரும் சுற்றி நின்றோம்.

அவருக்குக் காது கேட்காது என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். எங்களுக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது.

காலையில்தான் அவர் மனைவி செந்தமிழ்ச்செல்வி எனக்குப் போன் செய்திருந்தார். “அவருக்குக் காது சுத்தமா போயிடுச்சிண்ணே. உங்க யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிகினாரு. உங்களுக்குத் தெரியும்னு அவருக்குத் தெரிஞ்சிதுன்னு வையுங்க, வெக்கத்துல அப்புறம் உங்க பக்கமே வரமாட்டாரு.” மற்ற இரண்டு பேரிடமும் நான் சொல்லி வைத்தேன்.

கச்சிராயபாளையம் தாண்டி, மலைப்பாதை தொடங்கும் இடத்தில் முனியப்பன் கோயில் இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை அங்கிருந்து எங்களுடைய மூன்று பழைய ஸ்போர்ட்ஸ் கார்களும் வெள்ளிமலைக்கு ஏறும். எல்லாம் கூரை இல்லாதவை, இரண்டு பேர் மட்டும் உட்காரக் கூடியவை. கரும்பு விற்ற பணத்தில் நான் என்னுடையதை வாங்கிவந்த அன்று, “அஞ்சு பேரு இருக்கிற வூட்டுக்கு ரெண்டு சீட்டா? மீதி மூணு பேர இன்னா, டிக்கியில போட்டுகினு போவியா?” என்று என் மனைவி அம்சவள்ளி கேட்டது தெருவுக்கே தெரியும்.

அண்ணனிடம் கார் கிடையாது. காது மட்டும்தான் உண்டு. சர்க்கரை ஆலையில் காலமெல்லாம் இயந்திரங்களைக் கேட்டுப் பழகிய காது. அது சரி என்று சொன்னால்தான் வண்டி மலையேறும். இல்லையென்றால் வண்டி மரத்தடியில் நிற்கும், வண்டிக்காரர் பஸ்ஸில் வருவார். போன வருடம் பஸ்ஸில் போனது நான்.

“மூணாவது பிளக்கு திக்குது” என்றார் அண்ணன்.

நீலக் கார் தையல் மிஷின் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

தேவதர்ஷினி பள்ளிக்கூடத்தில் இயற்பியல் டீச்சர். பொய் சொல்கிற பிள்ளைகளை வகுப்புக்கு வெளியே நிற்க வைப்பவர். பலமாகத் தலையாட்டிவிட்டு, இன்ஜினை நிறுத்தி, நன்றாக இருந்த பிளக்கைக் கழற்றி, ஊதி, அதையே திரும்ப மாட்டினார்.

அண்ணன் மறுபடி காது வைத்தார். “இப்ப கேளு, எவ்ளோ சுத்தமா இருக்குது.”

அடுத்தது கொளஞ்சியப்பனின் பச்சைக் கார். “இதுக்குப் பெட்ரோல் ஜாஸ்தி, காத்து கம்மி” என்றார். ஜவுளிக்கடைக்காரரான கொளஞ்சியப்பன் பணிவாக ஒரு திருகை இடப்பக்கம் அரைச் சுற்றுச் சுற்றி, அதையே வலப்பக்கம் அரைச் சுற்றுச் சுற்றினார்.

“பட்டுச்சேல விக்கிறப்பகூட நான் இவ்ளோ பொய் சொன்னதில்ல பூமாலை” என்றார் என்னிடம்.

“மெதுவா பேசுங்க.”

“யாருக்குக் கேக்கப் போவுது?”

பிறகு அண்ணன் என் சிவப்புக் காரிடம் வந்தார். துண்டைப் போட்டுக் குனிந்தார்.

அந்த நேரம் பார்த்து இன்ஜின் நின்றுவிட்டது.

நின்றுபோன வண்டியை அவர் கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் கேட்டார். முனியப்பா, வண்டி போனால் போகட்டும், இவரை எங்களிடமிருந்து பிரித்துவிடாதே என்று வேண்டிக்கொண்டேன்.

அவர் நிமிர்ந்தார். “மூணுலயும் இதான் அருமையா இருக்குது. இதுவே மொதல்ல போவட்டும். நானே ஓட்டறேன்.”

அவர் கற்பூரம் ஏற்றத் திரும்பியபோது சாவியைத் திருகிப் பார்த்தேன். ஒரு இருமல், அவ்வளவுதான். வண்டி நின்றுவிட்டது என்று சொன்னால், அவர் காது போன விஷயமும் வெளியே வந்துவிடும். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

தள்ளினோம். மற்ற இரண்டு கார்களும் கோயிலிலேயே நின்றன.

சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் நசுங்கியது. அண்ணன் கம்பீரமாக ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மேட்டில் ஏறினார். நடுவில் ஒருமுறை கியர்கூட மாற்றினார். எதிரே வந்த ஜீப்பின் பின்னால் தொங்கிக்கொண்டிருந்த ஒருவர், “இன்னாங்க, சாமி ஊர்வலமா? தேங்கா ஒடைக்கணுமா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

கொளஞ்சியப்பன் வாயாலேயே உறுமத் தொடங்கினார்.

“அவருக்குத்தான் கேக்காதே, எதுக்கு?” என்றேன்.

“சத்தமே இல்லாம தள்ளறதுக்கு ஒரு மாதிரியா இருக்குதுப்பா.”

முதல் வளைவில் அண்ணன் ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். இறங்கினார். இருக்கைக்குப் பின்னால் கையை விட்டு ஒரு சின்னத் திருகைத் திறந்தார். இரவில் பெட்ரோல் ஒழுகாமல் இருக்க நான் மூடி வைத்தது. காலையில் திறக்க மறந்தது. குழாயில் மிச்சமிருந்ததை வைத்துத்தான் வண்டி கோயில்வரை வந்திருக்கிறது.

சாவியைத் திருகினார். இரண்டு இருமலுக்குப் பிறகு வண்டி உயிர் பெற்றது. கொளஞ்சியப்பன் அது தெரியாமல் இன்னும் உறுமிக்கொண்டிருந்தார்.

“பானட்ல நடுக்கம் இல்ல. பெட்ரோல் வாசனையும் இல்ல. கீழயே தெரியும் பூமாலை” என்றார் அண்ணன்.

பிறகு ஏன் சொல்லவில்லை என்று கையை விரித்துக் கேட்டேன்.

“நின்னுபோச்சின்னு சொன்னா வண்டி மரத்தடியில இல்ல நிக்கணும்? இந்த வருஷமும் நீ மட்டும் பஸ்ல வந்தா நல்லாவா இருக்கும்?”

அவர் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“சரி. நின்னுபோன வண்டிய மூணு பேரும் வாயத் தொறக்காம தள்ளிகினு வர்றீங்க. செந்தமிழு சொல்லிட்டாளா?”

நான் மெல்லத் தலையாட்டினேன். அண்ணன் கீழே, தான் வந்த பாதையைப் பார்த்தார். மலையிறங்கி நடந்துவிடுவாரோ என்று பயந்து தேவதர்ஷினி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவர் கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

“அடுத்த வருஷம் காது வச்சிக் கேக்கறது உன் வேலம்மா. மோந்து பாக்கறது என் வேல.”