பெண் கேட்டுப் போன வீடு

"எலேய் முகேஷு, இந்தப் பொண்ண மட்டும் வேணாம்னு சொல்லிப் பாரு. அப்பறம் அக்கானு ஒருத்தி இருந்ததையே மறந்துரு."

தோசையைப் பிய்த்தபடியே முகேஷ்குமார் சிரித்தான். "என்னக்கா இம்புட்டு அவசரம்? கட்டிக்கப் போறது நானா, நீயா?"

நாகஜோதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. நல்லவேளை, தம்பியின் கண் சட்னியில் இருந்தது.

நாகஜோதிக்கு வயது முப்பதைத் தொட்டுவிட்டது. வந்த மாப்பிள்ளைகளை எல்லாம் ஒருவன் நெட்டை, ஒருவன் குட்டை என்று அவள் தட்டிக்கழித்ததில், அப்பா பெருமாள்சாமி தரகருக்குப் போன் போடுவதையே விட்டுவிட்டார். அப்படிப்பட்டவள், தம்பி கல்யாணத்துக்குக் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் மாதிரிப் பறக்கிறாளே என்று நத்தம் ஊரில் இருந்த அந்த வீட்டில் எல்லோருக்கும் ஆச்சரியம்.

காரணம் அவளுக்கும் ஜீவிதாவுக்கும் மட்டும்தான் தெரியும். திண்டுக்கல் பக்கம் ஒரு நூல் மில்லில் இருவருக்கும் ஐந்து வருஷமாக ஒரே ஷிப்டு, ஹாஸ்டலில் ஒரே அறை. முதல் வருஷம் தோழிகளாக இருந்தார்கள். அப்புறம் தோழி என்ற சொல் போதவில்லை, வேறு சொல்லும் கிடைக்கவில்லை. ஒருத்தி இல்லாமல் இன்னொருத்திக்குச் சோறு இறங்காது, அவ்வளவுதான். போன மாதம் ஜீவிதாவை அவள் அப்பா ராமர் வேலையிலிருந்து நிறுத்தி, ஒட்டன்சத்திரத்துக்குக் கூட்டிப் போய்விட்டார். பாலக்காட்டிலிருந்து ஒரு மாப்பிள்ளை அவளைப் பார்த்துவிட்டும் போயிருந்தான்.

அன்று மத்தியானம் ஜீவிதா போனில் அழுதாள்.

"கோர்ட்டே தப்பில்லைனு சொல்லிருச்சாமே ஜோதி. எங்கிட்டாச்சும் போயிரலாம்."

"கோர்ட்டு சொல்லும். உங்கப்பா முன்னாடி வந்து நின்னு சொல்லுமா? மில்லுல ரெண்டு புள்ளைக ஓடுனாளுகளே, இழுத்துட்டு வந்து என்ன பாடு படுத்துனாங்கனு நீயுந்தான பாத்த?"

"நம்மள மாதிரி முன்னாடி யாருமே இருந்திருக்க மாட்டாங்களா?"

"ஏன் இல்லாம? இருந்திருப்பாளுக. புள்ள குட்டியப் பெத்துப் போட்டுட்டு, வாயத் தெறக்காமயே செத்திருப்பாளுக."

"அதுக்காக உன் தம்பியக் கட்டிக்கிறதா? அது அவருக்குப் பண்ற துரோகமில்லையா?"



"துரோகந்தான்டி. அவன இடுப்புல தூக்கி வளத்தவ நான், எனக்குத் தெரியாதா? ஆனா நீ பாலக்காடு போயிட்டா நான் செத்துருவேன். எந்தம்பி பொண்டாட்டியா வந்தேன்னா ஒரே வீடு, ஒரே அடுப்படி. நான் கல்யாணங் காச்சி இல்லாமக் கெடந்துட்டுப் போறேன். சாகுற வரைக்கும் உன் மொகத்தப் பாத்துக்கிட்டு இருப்பேன்ல, அது போதும்."

"சரி," என்றாள் ஜீவிதா. அந்தக் குரலில் சந்தோஷம் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்துப் பெண் கேட்கப் போனார்கள். முருங்கைத் தோட்டத்துக்கு நடுவில் வீடு. ஜீவிதாவின் அண்ணன் மணிமாறன் ஓடியாடி எல்லோருக்கும் காபி கொடுத்தான். முப்பத்தைந்து வயதாகியும் கல்யாணமாகவில்லை. தங்கமான மனுஷன்தான், ஆனால் தோட்டம் துரவு என்று இருப்பவனுக்கு இந்தக் காலத்தில் யார் பெண் கொடுக்கிறார்கள்?

"பையனப் புடிச்சிருக்குங்க. சாதகமும் தோதாத்தான் இருக்குதுங்க," என்றார் ராமர்.

நாகஜோதிக்கு உயிர் வந்தது.

"ஆனா ஒண்ணுங்க," என்று ராமர் பெருமாள்சாமியைத் தனியாகத் தோட்டத்துப் பக்கம் அழைத்துப் போனார்.

திரும்பி வந்த பெருமாள்சாமி, மகளை வேனுக்குப் பின்னால் கூப்பிட்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

"அவரு ஒண்ணு கேக்குறாரும்மா. மாட்டேன்னா, பாலக்காட்டுக்காரனுக்கு நாளைக்கே தட்டு மாத்திருவாராம். முகேஷுக்கும் அந்தப் புள்ளையப் புடிச்சுப்போச்சு. இனி எல்லாம் உங்கையிலதான் இருக்கு தாயி." குனிந்து, விஷயத்தை அவள் காதில் சொன்னார்.

பெற்ற அப்பா கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி ஜீவிதா பார்த்துக்கொண்டிருந்தாள். பாலக்காட்டுக்குப் போகட்டும் என்று அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

"சரிப்பா," என்றாள்.

ஆவணியில், திண்டுக்கல்லில் ஒரு மண்டபத்தில் கல்யாணம். கெட்டிமேளம் கொட்ட, முகேஷ் தாலியைக் கட்டி முதல் முடிச்சைப் போட்டான். மற்ற இரண்டு முடிச்சும் மாப்பிள்ளையுடன் பிறந்தவள் போட வேண்டியவை. ஜீவிதாவின் பின்னால் நின்று நாகஜோதி அவற்றைப் போட்டாள். கயிற்று மஞ்சள் விரலெல்லாம் ஒட்டியது.

"ஜோதி, எனக்குப் பயமா இருக்கு," என்றாள் ஜீவிதா, திரும்பாமலே.

"எனக்குந்தான்டி."

"அடியே, கொஞ்சுறத அப்பறம் வச்சுக்கங்க. நல்ல நேரம் போகுது!" என்றாள் அத்தை அய்யம்மாள். கூட்டமே சிரித்தது.

நாகஜோதி சுற்றி வந்து, அடுத்த மணையில் மணிமாறனின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் கட்டிய தாலிக்கு மற்ற இரண்டு முடிச்சையும் ஜீவிதா எழுந்து வந்து போட்டாள். 'என் பொண்ணு வேணும்னா உங்க பொண்ண என் மகனுக்குக் குடுங்க' என்று ராமர் கேட்டிருந்தபடி, அன்று மதியம் ஜீவிதா நாகஜோதியின் வீட்டிலும், நாகஜோதி ஜீவிதாவின் வீட்டிலும் விளக்கேற்றினார்கள்.