சாயும் மரைக்கொம்பு

“ஒரு கொம்ப சுவர்ல மாட்ட நாலு மாசமா ஒரு ஓடாவி வாறான் புள்ள. அதுவும் கூலி வாங்காம.”

பாலமுனையிலிருந்து போனில் சொன்னவள் நாச்சியா, வாப்பாவின் பக்கத்து வீட்டுக்காரி. கல்முனையில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் றஸ்னாவுக்கு அன்று முழுக்க மனம் சரியில்லை.

வாப்பா காலிதீனுக்கு எழுபத்தாறு வயது. உம்மா மவுத்தாகி ஒரு வருடம். அதன்பின் வீட்டில் அவர் ஆள் தனி. தன்னோடு வந்து இருக்கும்படி றஸ்னா ஒரு தடவை கேட்டாள். அவர் மாட்டேன் என்றார். அவளும் மறுபடி கேட்கவில்லை. பெருநாளைக்குப் பெருநாள் போய் வருவாள்.

கொம்பு, வாப்பா வாலிபத்தில் காட்டில் சுட்ட மரைமானின் கொம்பு. அந்தக் காலத்தில் யாரும் கேட்கவில்லை, இன்றென்றால் பிடித்து மறியலில் போட்டுவிடுவார்கள். உம்மாவுக்கு அதைக் கண்ணில் காட்டக்கூடாது. சாக்கில் சுற்றி அலுமாரிக்கு மேலே போட்டதுதான், உம்மா மவுத்தான பிறகே இறங்கியது. ஒரு கிளையில் வெடிப்பு. அடியில் பூச்சி அரித்திருந்தது.

அதைச் சரிபார்க்கக் காரைதீவில் தச்சுவேலை செய்யும் நல்லரெத்தினம் ஓடாவியை வாப்பா கூப்பிட்டார். அவர் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, நிழலில் காயவைத்து, வெடிப்பை அடைத்து வார்னிஷ் பூசினார். பளபளப்பு பிளாஸ்டிக் மாதிரி இருக்கிறதென்று வாப்பா சொல்ல, அடுத்த வியாழன் வந்து அதைத் தேய்த்தெடுத்து எண்ணெய் பூசினார். கொம்பைப் பதிக்கும் முதிரைப் பலகை முதலில் சதுரமாக இருந்தது, பிறகு வட்டமானது. மண்டபத்தில் மாட்டினால் தொழும்போது கண்ணுக்கு நேரே வருகிறது என்றார் வாப்பா. விறாந்தைக்குப் போனது. அங்கே உப்புக்காற்று. திரும்ப உள்ளே, வேறு சுவருக்கு வந்தது.

எல்லாம் முடிந்தும் வியாழக்கிழமைகளில் ஓடாவியின் மோட்டார்சைக்கிள் வந்துகொண்டே இருந்தது. முதல் நாளோடு கூலி வாங்குவதையும் நிறுத்திவிட்டாராம்.

“அவன்ட கண் கொம்புல” என்றாள் நாச்சியா. றஸ்னாவுக்கும் அப்படித்தான் பட்டது.

வியாழன் லீவு போட்டு, வாப்பாவுக்குச் சொல்லாமலே பஸ் ஏறினாள். ஓடாவியைக் கையும் களவுமாகப் பிடித்து நாலு வார்த்தை கேட்டு அனுப்ப வேண்டும்.

முன்கதவு பூட்டியிருந்தது. வளவைச் சுற்றிப் போய்ப் பின்பக்கக் குசினிக்குள் நுழைந்தாள். கதவுச் சீலைக்கு அப்பால் மண்டபத்தில் வாப்பா சுவரைப் பார்த்து நின்றார்.

கையில் திருப்புளி. பலகையின் திருகாணியை இரண்டு கையாலும் திருகினார். நின்று மூச்செடுத்து மறுபடி திருகினார். கொம்பு மெல்ல ஒரு பக்கம் சாய்ந்தது. பின்னால் ஒரு அடி வைத்துப் பார்த்தார். திருப்புளியைக் கதிரை மெத்தைக்குக் கீழே ஒளித்தார். பிறகு சட்டையை மாற்றி, தலையை வாரி, இரண்டு கோப்பைகளைத் துடைத்து மேசையில் வைத்துவிட்டு, கதவைப் பார்த்தபடி கதிரையில் அமர்ந்தார்.

றஸ்னா சத்தமில்லாமல் வெளியே வந்தாள். பிறகு முன்பக்கம் போய்க் கதவைத் தட்டினாள்.

“வா நல்லரெத்தினம்” என்றபடியே வாப்பா திறந்தார். மகளைக் கண்டதும் முகம் மாறியது.

“என்ன மகள், பெருநாளும் இல்லியே. ஆருக்கும் சுகமில்லியா?”

சும்மா வந்ததாகச் சொன்னாள். அவர் அதை நம்பவில்லை.

சற்று நேரத்தில் ஓடாவி வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கொம்பை அண்ணாந்து பார்த்தார்.

“திரும்பவும் சாஞ்சிட்டு போல, காக்கா.” வாப்பாவை அண்ணன் முறை வைத்துக் காக்கா என்பார்.

“சுவர்ப்பூச்சு சரியில்ல, நல்லரெத்தினம்.”

ஓடாவி சுவரை விரலால் தட்டிப் பார்த்து, பூச்சுதான் பிழை என்று ஒத்துக்கொண்டார்.

பத்து நிமிட வேலை இரண்டு மணித்தியாலம் போனது. வாப்பா அந்த மரையைச் சுட்ட கதையைச் சொன்னார். வழி தவறி, இரண்டு இரவு மரத்தில் ஏறிப் படுத்தாராம். ஓடாவி இடையிடையே கேள்வி கேட்டார். எத்தனையோ தடவை கேட்ட கதை என்பது அந்தக் கேள்விகளிலேயே தெரிந்தது. வாப்பா எதையாவது விட்டுவிட்டால் அவர்தான் எடுத்துக் கொடுத்தார். தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த றஸ்னாவுக்கு அந்தக் கதையின் முடிவு இன்றுதான் தெரிந்தது. சின்ன வயதில் அவள் பாதியில் எழும்பி ஓடிவிடுவாள்.

ஓடாவி புறப்பட, றஸ்னா வாசல் கேற்றடி வரை பின்னால் போனாள்.

“ஓடாவியார், அது சுவர்ப்பூச்சு இல்ல. வாப்பாதான் திருகாணியக் கழட்டுறார். நான் கண்டன்.”

“தெரியும் மகள்.”

அவளுக்கு வெட்கமாகிவிட்டது. காரைதீவிலிருந்து ஒவ்வொரு கிழமையும் இவரை வீணாக அலைய வைப்பது சரியில்லை என்று பட்டது. கழட்டவே ஏலாத மாதிரி ஒரேயடியாக இறுக்கிவிடச் சொன்னாள்.

நல்லரெத்தினம் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டே, உள்ளே கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார்.

“முந்தி அப்படித்தான் இறுக்கினன் மகள். காக்காட கைக்குக் கழட்ட ஏலாமப் போயிட்டு. இப்ப அரைவாசிதான் இறுக்கிறன்.”