கரண்ட் இல்லாமல் அசைந்தவள்

“உன்ட பொம்பிள கரண்ட் இல்லாத நேரத்திலயும் கை காட்டுறாளாம். போய் என்னெண்டு பார்” என்றார் அமிர்தலிங்கம் மாஸ்டர்.

றஊப் கையிலிருந்த தூரிகையை வைத்துவிட்டு எழும்பினான்.

கல்முனையில் மாஸ்டர் நடத்திய விளம்பர நிலையத்தில் அவன் சேர்ந்து மூன்று மாதம் ஆகப்போகிறது. மற்றவர்கள் கடைப் பலகை எழுதினார்கள், சினிமாக் கொட்டகைக்கு ஸ்லைட் கீறினார்கள். அவனுக்குத் தந்த வேலை, அசைகிற விளம்பரம்.

அவன் செய்த முதல் உருப்படி, வல்லிபுரம் முதலாளியின் புடவைக்கடைக் கண்ணாடிக்குள் நிற்கும் பலகைப் பெண். ஆளுயரம். சாறி உடுத்து, பின்னால் ஒரு மோட்டர் சுற்ற, தெருவில் போகிறவர்களை வலக்கையால் “வாங்க” என்று கூப்பிடுவாள்.

“ஹஜ்ஜுப் பெருநாள் வரைக்கும் ஒழுங்கா வேலை செய்தா உனக்கு இங்க வேலை நிரந்தரம். இடையில நிண்டா முதலாளி திருப்பி அனுப்பிருவார். பிறகு நானும் உன்ன வச்சிருக்க ஏலாது” என்று மாஸ்டர் முதலிலேயே சொல்லியிருந்தார்.

இப்போது பார்த்தால் அவள் நிற்கமாட்டேன் என்கிறாளாம்.

கடை வாசலிலேயே வல்லிபுரம் முதலாளி அவனைப் பிடித்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

“தம்பி, மூணு நாளா இப்பிடித்தான். கரண்ட் போனா நிக்கிறாள் இல்ல. ஆனா பள்ளியில தொழுகைக்கு வாங்கு சொன்னா நிண்டிர்றாள். தொழுகை முடிய மறுகாலும் கை காட்டுறாள். முஸ்லிம் ஜின் ஒண்டு ஏறியிருக்கெண்டு சனம் கதைக்குது. விக்கிற பிள்ளையள் ரெண்டும் அந்தப் பக்கமே போகுதுகள் இல்ல.”

றஊப் உள்ளே போனான். கண்ணாடிக்குப் பின்னால் போகிற வழியை மறித்தாற்போல் தையல் மெஷினைப் போட்டு இருந்தார் அப்துல் ஸமட். அந்தக் கடையின் தையல்காரர். றஊபின் தாய்மாமன்.

றஊப் இந்த வேலைக்குப் போன நாளிலிருந்து மாமா அவனோடு கதைப்பதில்லை. கடைசியாகக் கதைத்தது இதுதான்: “உருவம் கீறினவனுக்கிட்ட மறுமையில, இதுக்கு றூஹு, உசிரு குடு எண்டு சொல்லுவாங்க. குடுப்பியா?”

இன்று வாயைத் திறந்தார்.

“எங்க போற?”

“மோட்டரப் பாக்கணும் மாமா.”

“வேணா. செஞ்ச பாவம் போதும். வெளிய போ.”

கடை நிறையச் சனம். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். றஊப் முகம் கறுத்து வெளியே வந்தான்.

எதிர்த் தேத்தண்ணிக் கடையில் போய் இருந்தான். பதினொரு மணிக்குக் கரண்ட் போனது. மின்விசிறி சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. றேடியோ பாதிப் பாட்டில் அடங்கியது.

கண்ணாடிக்குள் அவள் கை காட்டினாள்.

அந்தக் கை எப்படி அசையவேண்டுமென்று அவன் முப்பது படம் கீறிப் பார்த்தவன். மெதுவாக எழும்பணும், கொஞ்சம் கெதியாகத் தாழணும். அதற்கென்றே சக்கரச் சில்லை வெட்டினான். ஆனால் இப்போது அவன் பார்க்கிற அசைவு அவன் வைத்ததல்ல. விறுவிறுவென்று நாலு தரம் கூப்பிட்டாள். நின்றாள். தூக்கிய கையோடு எதையோ யோசித்தாள். பிறகு மெல்ல, மிக மெல்ல, ஒரு தரம்.

மோட்டர் அப்படிச் சுற்றாது. உயிருள்ள ஆளின் கைதான் அப்படி அசையும்.

நிந்தவூர் பஸ்ஸில் வந்திறங்கிய ஒரு பெண், பிள்ளையின் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு தெருவின் மற்றக் கரைக்குப் போனாள்.

நடுப்பகல் ளுஹர் தொழுகைக்கு வாங்கு சொன்னது. கை பாதி உயரத்தில் நின்றுவிட்டது.

அவன் கீறிய கண்கள் நேராக அவனையே பார்த்தன. மாமா கேட்ட கேள்வியை அவளே கேட்பதுபோல் இருந்தது.

மாமா தொப்பியைப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போவது தெரிந்தது. றஊப் பிஸ்மி சொல்லிக்கொண்டு கடைக்குள் நுழைந்தான். கண்ணாடிக்குப் பின்னால் குனிந்தான்.

மோட்டர் கருகிக் கிடந்தது. தொட்டுப் பார்த்தான். குளிர்ந்திருந்தது. அது சுற்றி நாளாகிவிட்டது.

மோட்டரில் மாட்டியிருந்த கயிற்றை யாரோ கழற்றியிருந்தார்கள். அவளுடைய சில்லிலிருந்து வேறொரு கயிறு புறப்பட்டுத் தரையோடு போய், பலகைத் தடுப்பில் புதிதாகக் குடைந்திருந்த ஓட்டைக்குள் நுழைந்தது. அந்தப் பக்கம் வெட்டுத்துணிக் குவியல். விலக்கினான். கயிற்றைப் பிடித்துக்கொண்டே போனான்.

அது மாமாவின் தையல் மெஷின் மிதிசில்லில் போய் முடிந்தது.

“அவிழ்த்திராத.”

மாமா தொழுதுவிட்டு வந்து நின்றார்.

“மோட்டர் திங்கக்கிழமையே எரிஞ்சு பெய்த்து. முதலாளிக்குச் சொன்னா அவர் உன்ட மாஸ்டருக்குச் சொல்லுவார்.”

றஊப் கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்தான். “மாமா… நீங்க இத ஹறாமெண்டு…”

“ஓம். இப்பயும் ஹறாமெண்டுதான் சொல்றன்.”

துணிக் குவியலைக் கயிற்றின் மேல் திரும்ப இழுத்துப் போட்டார். மெஷினில் இருந்தார். அரைவாசி தைத்த சட்டையை ஊசிக்கு அடியில் வைத்து மிதிக்கத் தொடங்கினார். கண்ணாடிக்குள் அவள் கை எழும்பியது.

“பெருநாளுக்கு இன்னும் எட்டு நாள் இரிக்கி” என்றார் தலையைத் தூக்காமல். “என்ட முழங்கால் நாலு நாளைக்குத்தான் தாங்கும். அதுக்குள்ள ஆருக்கும் தெரியாம ஒரு மோட்டர் தேடிக் கொண்டு வா மனே.”