முப்பத்தொரு டிக்கெட்

"தவராசா அண்ணை, உங்களை ஒராள் காலமையில இருந்து தேடுறார். பேர் சொல்லித்தான் கேட்டவர்" என்றான் சுபாஸ்கரன்.

வந்த வழியே திரும்பிப் போய்விடலாமா என்றிருந்தது தவராசாவுக்கு. தெற்கு லண்டன் ஸ்ட்ரெதமில் பஸ்ஸை விட்டிறங்கி, மைதானத்து வாசலுக்கு அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தார். ஊர்க் கல்லூரிகளின் பழைய மாணவர்கள் ஆண்டுதோறும் நடத்தும் உதைபந்தாட்டப் போட்டி. மஞ்சள் மேலங்கி போட்ட சுபாஸ்கரன் உள்ளே வரும் கார்களை மறித்து, பார்க்கிங்குக்குப் பதினைந்து பவுண் வாங்கிக்கொண்டிருந்தான்.

"என்னத்துக்காம்?"

"சொல்லேல்லை. கையில ஒரு பிளாஸ்டிக் கவர் வச்சிருக்கிறார். அந்த வருசம் பக்கத்து ரோட்டில டிக்கெட் எழுதின தமிழ் ஆள் நீங்கள்தானோ எண்டு கேட்டார். ஓம் எண்டிட்டன்."

"ஏனடா ஓம் எண்டனீ?"

"பின்ன? ஒரே நாளில முப்பத்தொரு காருக்கு எழுதினது வேற ஆரண்ணை? லண்டனுக்கே தெரிஞ்ச விசயம்."

2011இல் நடந்தது. தவராசா அப்போது நகரசபைக் கவுன்சிலில் பார்க்கிங் வார்டன்; தப்பாக நிறுத்திய வண்டிகளுக்கு அபராத டிக்கெட் எழுதும் வேலை. மைதானத்துக்குள் கார் விட அந்த வருடம் ஐந்து பவுண்தான். அந்த ஐந்தையும் மிச்சம் பிடிக்க, அங்கே குடியிருப்பவர்களுக்கு மட்டுமான தெருவில் பலர் காரை விட்டுவிட்டு ஆட்டம் பார்க்கப் போய்விட்டார்கள். அன்று அந்தத் தெரு தவராசாவின் ஷிப்ட். சூப்பர்வைசரும் கூடவே நடந்து வந்தார். ஒன்றை எழுதி ஒன்றை விட முடியவில்லை. எழுதிய முப்பத்தொன்றில் ஒன்று, அன்றைய பிரதம விருந்தினரின் கார்.

அதற்குப் பிறகு யாரும் அவரை ஏசவில்லை. கூப்பிடவில்லை, அவ்வளவுதான். கலியாண வீடுகளில் அவர் இருக்கும் மேசையில் கதிரைகள் மிஞ்சின. ஒரு காலத்தில் கல்லூரி அணிக்குக் கோல் காத்தவர், பதினான்கு வருடம் இந்த மைதானத்துப் பக்கமே வரவில்லை. இந்த ஆண்டுதான், அவர் பென்ஷன் எடுத்த பிறகு, சங்கச் செயலாளர் தானாகவே போன் எடுத்தார். "வாங்கோ அண்ணை. பழசை எல்லாம் ஆர் இப்ப நினைக்கினம்?" என்றார். அந்த ஒரு போனுக்காகத் தவராசா மனதுக்குள் எத்தனை தடவை நன்றி சொல்லியிருப்பார் என்பதற்குக் கணக்கில்லை. பழைய கூட்டாளிகளோடு கோட்டுக்கு வெளியே நின்று ஒரு ஆட்டம் பார்க்க வேண்டும். வேறொன்றும் அவர் கேட்கவில்லை. இன்றைக்கு இந்த வாசலில் ஒரு சண்டை வெடித்தால், இனி ஒரு நாளும் இங்கே முகம் காட்ட முடியாது.

"ஆள் எப்பிடி?"

"ஐம்பது வயசு வரும். விஜயரத்தினமாம் பேர். அந்தா, வாறார்."

தவராசா தூரத்திலேயே கண்டுகொண்டார். முப்பது பேர் ஆட்டம் முடிந்து வந்துதான் டிக்கெட்டைப் பார்த்தார்கள். எழுதிக்கொண்டிருக்கும்போதே ஓடி வந்தவர் இவர் ஒருவர்தான். சிற்றுண்டிக் கடைக்கு றோல்ஸ் பெட்டிகளை இறக்கிவிட்டு, பாதி ஆட்டம் பார்க்க நின்றவர். "அண்ணை, ரெண்டு நாள் சம்பளம் அண்ணை" என்று தெருவில் நின்று கும்பிட்டார். சூப்பர்வைசர் பின்னால் நின்றார். தவராசா தலை நிமிராமல் எழுதி, அவருடைய வேனின் கண்ணாடியில் ஒட்டிவிட்டு நடந்தார். மற்றவர்களின் முகங்கள் எல்லாம் மறந்து போயின. அந்தக் கும்பிட்ட கைகள் மறக்கவில்லை.

"நீங்கள்தானே தவராசா அண்ணை?"

"ஓம்."

விஜயரத்தினம் கவருக்குள் கையை விட்டு, மடித்த தாள் ஒன்றை எடுத்தார். கவுன்சிலின் முத்திரை வெளியே தெரிந்தது. வரிசையில் முன்னால் நின்ற காரின் கண்ணாடி இறங்கியது.

"விடாதேங்கோ, நல்லாக் கேளுங்கோ. எங்கட காருக்கும் அண்டைக்கு எழுதினவர்" என்றாள் உள்ளே இருந்த றூபினி என்ற பெண்.

"அக்கா, நீங்கள் முதல்ல பதினைஞ்சைத் தாங்கோ" என்றான் சுபாஸ்கரன். ஆனால் அவனும் காசை வாங்காமல் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றான். உள்ளே தேத்தண்ணியோடு நின்ற கூட்டாளிகள் இரண்டு பேர் திரும்பினார்கள்.

தவராசா முந்திக்கொண்டார்.

"தம்பி, அண்டைக்கு உங்களை நான் விட்டிருக்கலாம். சூப்பர்வைசர் நிக்கிறார் எண்ட பயத்தில எழுதிப்போட்டன். இத்தினை வருசமும் அது மனசில கிடக்குது. அந்தக் காசை இப்ப நான் தாறன், பிடியுங்கோ." பேர்ஸை எடுத்தார்.

"காசை வையுங்கோ அண்ணை. அதை நான் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக் கட்டினனான். உடன கட்ட ஏலாமப் போனபடியாத்தான் கவுன்சில் என்ர பேர், விலாசம் எல்லாம் போட்டு வீட்டுக்கு இந்தக் கடிதத்தை அனுப்பினது."

"தெரியும், தம்பி. கோவம் இருக்கத்தான் செய்யும்."

விஜயரத்தினம் தாளை விரித்தார்.

"நான் விசா இல்லாமல் இருந்த ஆள், அண்ணை. இருபது வருசம் இருந்தா விசா தருவாங்கள். அப்பிடி இந்த நாட்டிலதான் இருந்தனான் எண்டதுக்கு, வருசத்துக்கு ஒரு துண்டுக் கடுதாசியாவது காட்டச் சொன்னவங்கள். ரெண்டாயிரத்துப் பதினோராம் ஆண்டுக்கு என்ர பேரில இருந்தது இது ஒண்டுதான். போன கிழமை விசா தந்திட்டாங்கள். நீங்கள் அண்டைக்கு இரங்கி என்னை விட்டிருந்தா, எனக்கு இந்த விசா கிடைச்சிருக்காது."