ஓரத்தில் பிதுங்கிய ஊதா

"கலரைச் சரிபண்ணச் சொன்னா, கலரே இல்லாம ஆக்கி வெச்சிருக்கீங்களே தம்பி!"

ஸ்டுடியோ முதலாளியம்மா பதறிப்போய்க் கத்தினாள். வேலை கேட்டு வந்திருந்த இளைஞனின் முன்னால், கம்ப்யூட்டர் திரையில், கல்யாணப் பெண் கறுப்பு வெள்ளையில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"வேலை முடிஞ்சதும் கலர் வந்துடும் மேடம். கொஞ்சம் பொறுங்க."

பொறுக்கிற நிலைமையிலா அவள் இருந்தாள்? பிரிண்ட் போடும் கடை மூடுவதற்குள் படங்கள் அங்கே போய்ச் சேர்ந்தாக வேண்டும். எல்லாம் அவள் வீட்டுக்காரர் செய்த வேலை. போட்டோகிராபரான அவர், எங்கேயோ மலிவாகக் கிடைத்ததென்று ஒரு பழைய லென்ஸை வாங்கி, அதையே கேமராவில் மாட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போய்விட்டார். ஜன்னல் வெளிச்சத்தில் நின்றவர்கள் எல்லார் தலைக்கும் ஒரு பக்கம் ஊதாக் கோடு, மறு பக்கம் பச்சைக் கோடு.

"லென்ஸ் நல்ல லென்ஸ்தான். ஓரத்துல மட்டும்தான் கொஞ்சம் குறை" என்றார் அவர், மூலையில் உட்கார்ந்தபடி.

"குறை லென்ஸ்ல இல்லீங்க. அதை வாங்கின ஆள்கிட்டதான்."

"அதான் நேத்தே நான் சரிபண்ணினேனே!"

"பண்ணின லட்சணம்தான் தெரியுமே! ஊதாவை அழிக்கிறேன்னு சொல்லி, மாப்பிள்ளையோட அம்மா போட்டிருந்த ஊதா டிரஸ்ஸையே சாம்பல் கலராக்கி அனுப்பிட்டீங்க. 'நான் என்ன துக்கம் விசாரிக்கவா வந்திருந்தேன்?'னு அந்தம்மா போன்ல கேட்டப்போ, போனை யார் கையில திணிச்சீங்க?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் அவருக்குக் கண்ணாடி அழுக்காகிவிடும்.

மாப்பிள்ளை வீட்டில் இன்னும் இரண்டு பெண்கள் கல்யாணத்துக்கு இருந்தார்கள். இந்த ஆல்பம் சொதப்பினால், அந்த இரண்டு கல்யாணமும் எதிர்த்த தெரு ஸ்டுடியோவுக்குத்தான். இவளிடம் இருந்த ஒரே எடிட்டரும் போன வாரம் அங்கேதான் தாவியிருந்தான். அதனால்தான் வந்தவனிடம் பேர் ஊர்கூடச் சரியாக விசாரிக்காமல், இந்தப் படங்களையே பரீட்சையாகக் கொடுத்திருந்தாள்.

"அது சரி, எதுக்குத் தம்பி கறுப்பு வெள்ளை?"

"ஒவ்வொரு போட்டோவுக்குள்ளயும் மூணு படம் இருக்கு மேடம். சிவப்பு ஒண்ணு, பச்சை ஒண்ணு, நீலம் ஒண்ணு. நல்ல லென்ஸ்னா மூணும் ஒண்ணு மேல ஒண்ணு அச்சா உட்காரும். இந்த லென்ஸ்ல மூணும் மூணு சைஸ்ல விழுந்திருக்கு. அதான் ஓரத்துல கலர் பிதுங்குது."

"சரி..."

"அந்த மூணையும் தனித்தனியா கறுப்பு வெள்ளையில பார்த்து, சைஸைச் சரிபண்ணி, கோட்டுக்குக் கோடு பொருத்திட்டா வேலை முடிஞ்சுது. யார் டிரஸ் மேலயும் கை வைக்க வேண்டியதில்ல."

"கலர்ல பார்த்தே பொருத்தலாமே?" என்றார் வீட்டுக்காரர், இதையாவது கேட்டு வைப்போம் என்று.

"கலரை நம்பினா நான் ஏமாந்துடுவேன் சார்."

"கேட்டுக்குங்க!" என்று கணவரைப் பார்த்தாள் அவள். "தொழில் தெரிஞ்ச பேச்சு."

அவன் ஒரு பட்டனைத் தட்டினான். படம் கலருக்கு வந்தது.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரையோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். கல்யாணப் பெண்ணின் ஒவ்வொரு முடியும் சுத்தமாக இருந்தது. ஊதாக் கோட்டையும் காணோம், பச்சைக் கோட்டையும் காணோம். பக்கத்தில் மாப்பிள்ளையின் அம்மா, கல்யாணத்தன்று பார்த்த அதே பளபள ஊதாவில், வாயெல்லாம் பல்லாக நின்றிருந்தாள். அவளைப் பார்த்து முதலாளியம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மற்ற படங்களையும் அவன் அதே மாதிரி முடித்துக் கொடுத்தான். அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தும் ஒரு குறை அகப்படவில்லை.

"நாளையிலேருந்து வேலைக்கு வந்துடுங்க தம்பி. இந்தத் தொழிலுக்குக் கண்ணுதான் எல்லாமே. இங்கயும்தான் ஒருத்தர் இருக்கார், கண்ணு மேல கண்ணாடி வேற."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்.

"கடை மூடிடப் போறான்மா. முதல்ல படத்தைக் கொடுத்தனுப்பு."

அவள் படங்களைப் பென் டிரைவில் போட்டு, வண்டிச் சாவியோடு அவன் கையில் கொடுத்தாள். "என் ஸ்கூட்டர் வாசல்லதான் நிக்குது. சிவப்பு வண்டி. எடுத்துக்கிட்டு ஒரே ஓட்டமா ஓடுங்க."

அவன் ஓடினான். போன வேகத்திலேயே சாவியும் கையுமாகத் திரும்பி வந்து நின்றான்.

"மேடம், வண்டி நம்பரைச் சொல்லுங்களேன்."

"நம்பர் எதுக்கு? சிவப்பு வண்டின்னு சொன்னேனே!"

"அங்க ஒரே மாதிரி ரெண்டு வண்டி நிக்குதே மேடம்."

"ஒரே மாதிரியா? பக்கத்துல நிக்கிறது பச்சை தம்பி! நம்மளது சிவப்பு!"

அவன் தலையைச் சொறிந்தான்.

"அதைத்தான் அப்பவே சொல்ல வந்தேன் மேடம். பொறந்ததுலேருந்தே எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒரே கலராத்தான் தெரியும்!"