சத்தமில்லாத பிரேக்

பட்டறை வாசலுக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்து சேர்ந்தார் தர்சோனோ. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"என்னண்ணே, பெட்ரோல் தீர்ந்துபோச்சா?" என்றான் மெக்கானிக் துகியோ.

"டேங்க் நிறைய இருக்குடா. பிரேக் புடிச்சா கிரீச்சுனு கத்துது. கடோத்கஜன் காதுல விழுந்துடக் கூடாதேன்னு வீட்டுலேர்ந்தே தள்ளிட்டு வர்றேன்."

கடோத்கஜன் என்பது அவர் வளர்க்கும் முராய்க் குருவி. கைக்குள் அடங்கும் உடம்பு, அதைவிட நீளமான வால். காதில் விழுந்ததையெல்லாம் திருப்பிப் பாடிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை க்ளாத்தென் மைதானத்தில் குருவிகளின் பாட்டுப் போட்டி. போன வருஷம் ஒருவருடைய குருவி, பக்சோ சூப் வண்டிக்காரர் கிண்ணத்தில் தட்டுகிற 'டிங் டிங்'கைப் பாடித் தொலைத்தது. மைதானமே சிரித்தது, நடுவர் கூண்டை இறக்கச் சொல்லிவிட்டார். அந்தக் கதி நமக்கு வந்தால் தெருவில் தலைகாட்ட முடியுமா என்பதுதான் தர்சோனோவின் கவலை.

துகியோ சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தான். "இந்த பிரேக் பேடு எங்கண்ணே புடிச்சீங்க? மூஞ்சி கண்ணாடி மாதிரி மினுங்குது."

"சந்தையில. மலிவா குடுத்தான்."

"கத்தலையும் சேர்த்துத்தான் குடுத்திருக்கான்."

டிஸ்க்கைத் துடைத்தான். பேடை உப்புத்தாளில் தேய்த்து, ஓரத்தை அரத்தால் ராவி, முதுகுப் பக்கம் கிரீஸ் தடவி மாட்டினான். தெருக்கோடி வரை ஓட்டிப் பார்த்தபோது சத்தமே இல்லை. தர்சோனோ வீட்டு வாசலில் பிரேக்கைப் பிடித்தார், கிரீச்ச்!

எதிர்வீட்டு விக்ன்யோ பனியனோடு வெளியே பாய்ந்து வந்தார். போட்டியில் வருஷா வருஷம் தர்சோனோவோடு மோதுகிறவர்.

"யோவ், உன் குருவி கெட்டா உன் பாடு. என் குருவியையும் சேர்த்துக் கெடுக்கணுமா? எனக்கும் இதே வண்டிதான். என்னைக்காவது இப்படி ஊரைக் கூட்டியிருக்கா?"

தர்சோனோவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. மறுநாள் மறுபடி தேய்த்தார்கள், மறுபடி கத்தியது. கடைசியில் சனிக்கிழமை துகியோ கையெடுத்துக் கும்பிட்டான்.

"இதோட மல்லுக்கட்ட என்னால ஆகாதுண்ணே. நல்ல கம்பெனிப் பேடு போட்டுடலாம்."

போட்டார்கள். மலிவுப் பேடு மூலையில் இருந்த தகர டப்பாவுக்குள் போய் விழுந்தது. தர்சோனோ வீட்டு வாசலில் பிரேக் பிடித்தார். பூனை நடந்த மாதிரி வண்டி நின்றது. மனசு நிறைந்து ஹெல்மெட்டைக் கழற்றினார்.

கிரீச்ச்!

"இன்னுமா அந்த வண்டி சரியாகல?" என்று அடுப்படியிலிருந்து கேட்டாள் மனைவி லஸ்த்ரி.

தர்சோனோ வண்டியைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கூண்டைப் பார்த்தார். கடோத்கஜன் வாலை ஆட்டி, இன்னொரு தடவை கிரீச்சிட்டது.

அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. "நாளைக்கு நான் போகல. மானம் போயிடும்."

"பேரு குடுத்தாச்சு. போகலேன்னா, பயந்து பின்வாங்கிட்டான்னு எதிர்வீட்டுக்காரரு ஊரெல்லாம் சொல்வாரு, பரவாயில்லையா?" என்றாள் லஸ்த்ரி.

போனார். கூண்டுகளை வரிசையாகத் தொங்கவிட்டார்கள். நடுவர் ஒவ்வொன்றுக்கும் கீழே நின்று காது கொடுத்தபடி வந்தார். கடோத்கஜன் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தது. நடுவர் தலை தெரிந்ததும் கழுத்தை நீட்டி, கிரீச்ச்ச்ச்!

தர்சோனோ தொப்பியை முகத்துக்கு இழுத்துக்கொண்டார். சிரிப்புச் சத்தத்துக்காகக் காத்திருந்தார், வரவில்லை. எட்டிப் பார்த்தால், மற்ற குருவிகளெல்லாம் மிரண்டு வாயை மூடிக்கொண்டிருந்தன. கடோத்கஜனின் கூண்டுக்கு நேர் கீழே நடுவர் முதல் பரிசுக் கொடியை ஊன்றிக்கொண்டிருந்தார்.

"இப்படி ஒரு குரலை நான் கேட்டதே இல்ல. எந்தப் பறவைகிட்ட பாடம் படிச்சுது?" என்று கேட்டார் நடுவர்.

தர்சோனோ தொப்பியை நிமிர்த்திக்கொண்டார். "மலைக்காட்டுப் பறவைங்கய்யா. பேரை வெளியில சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க."

சொன்ன பிறகுதான் பக்கத்தில் விக்ன்யோ நிற்பதைப் பார்த்தார். அந்தச் சத்தத்துக்காகத் தெருவில் இறங்கிச் சண்டை போட்ட மனிதர் ஆயிற்றே! ஆனால் விக்ன்யோ வாயே திறக்கவில்லை. இரண்டாம் பரிசை வாங்கிக்கொண்டு, ஏதோ அவசர வேலை இருப்பவர் போல முன்னாலேயே கிளம்பிப் போய்விட்டார்.

என்ன இருந்தாலும் நல்ல மனுஷன், காட்டிக் கொடுக்கவில்லையே என்று தர்சோனோ நெகிழ்ந்துபோனார்.

அடுத்த மாதம் சோலோ நகரத்தில் பெரிய போட்டி. அடிக்கடி கேட்காவிட்டால் குருவி பாடத்தை மறந்துவிடும். திங்கட்கிழமை காலையில் பட்டறை திறக்கும்போதே தர்சோனோ வாசலில் நின்றார்.

"துகியோ, அந்தப் பழைய பேடை எடு. மறுபடி அதையே மாட்டிடு."

துகியோ காலியான தகர டப்பாவைக் கவிழ்த்துக் காட்டினான்.

"கத்தும்னு எவ்வளவோ சொன்னேண்ணே, கேக்காம நேத்து சாயந்தரமே விக்ன்யோ அண்ணன் அதைத் தன் வண்டியில மாட்டிட்டுப் போயிட்டாரு!"