ஆற்றில் எடுத்த படம்

ஸாம்பியாவில் வேலை செய்யும் முர்ஷித், விலங்குகள் பார்க்க ஆற்றில் வள்ளத்தில் போன படத்தைக் காலையில் அனுப்பியிருந்தான். அதைப் பார்த்ததும் இலங்கையின் கல்முனையில் அவன் உம்மா ஆசியா குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணியைப் பாதியில் வைத்தார். மகனை வீடியோவில் அழைத்தார்.

"பயப்புடாதீங்க உம்மா. நீர்யானை எட்டத்திலதான் நிண்டது."

உம்மாவின் முகம் தெளியவில்லை.

"முதலையெல்லாம் கரையில படுத்துக் கிடந்தது. நாங்க லைஃப் ஜாக்கெட்டும் போட்டிருந்தம்."

"அதையெல்லாம் உடு மகன். வள்ளத்தில உனக்கு முன்னால தொப்பி போட்டுக் குந்தியிரிக்கிற புள்ள ஆரு?"

"புள்ளயா? அவ வள்ளக்காரர்ட பொஞ்சாதி. அவவுக்கு என்ட வயசில மகன் இரிக்கான்."

"அல்ஹம்துலில்லாஹ்!" உம்மா கதிரையில் சாய்ந்தார். "நம்மட வழக்கத்தில கலியாணம் முடிச்சா மாப்பிளதான் பொண்டாட்டிர ஊட்டுக்குக் குடிபோகணும். நீ அங்க ஒருத்திய முடிச்சா, உன்ன நான் ஸாம்பியாவுக்கே குடுத்துட்டு நிக்கணுமே!"

முர்ஷித் விழுந்து விழுந்து சிரித்தான்.

"சிரிக்காத. இஞ்ச பக்கத்தில மருதமுனையில ஒரு புள்ள பாத்திரிக்கன். அங்க குடிபோனா, நினைச்ச நேரம் ஆட்டோவில ஏறி வந்து உன்னப் பாத்துட்டுப் போவன்."